அலாரம் சொன்னது சரி, நான்தான் அடுப்பைப் பார்த்தேன்

ஜனவரி மாதம், இரவு இரண்டரை மணி. எங்கள் படகு வீட்டின் படுக்கையறையில் இருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம், அதாவது கரி சரியாக எரியாதபோது வரும் விஷவாயுவைக் கண்டு எச்சரிப்பது, அலறியது. பதறி எழுந்து, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, நானும் மனைவியும் போர்வையோடு வெளியே போய் நின்றோம். தண்ணீரின் மேல் மெல்லிய பனித்தகடு. அடுப்பில்தான் ஏதோ கோளாறு என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், கிராண்ட் யூனியன் கால்வாயில் பிரான்ஸ்டன் அருகே ஒரு நேரோபோட்டில், அதாவது கால்வாய்க்கென்றே கட்டிய ஒடுக்கமான படகில். நீளம் 57 அடி, அகலம் ஏழடிக்கும் குறைவு. முன்பக்கம் கரியடுப்பு, பின்பக்கம் படுக்கையறை, அதற்கும் பின்னால் படிக்கட்டுக்கு அடியில் பேட்டரிகள். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் புகைபோக்கியைக் கூட்டினேன். அடுப்புக் கதவைச் சுற்றி இடுக்கை அடைக்கும் கயிறு நைந்திருந்தது, அதையும் மாற்றினேன். அன்று அடுப்பையே மூட்டாமல் படுத்தோம். விடியற்காலையில் மறுபடியும் அதே அலறல்! அப்போதுதான் உறைத்தது: அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு அலாரம் இரண்டு இரவும் வாயே திறக்கவில்லை. மனைவி வேறொன்றும் சொன்னாள்: "முட்டை அழுகின மாதிரி நாறுதே, உங்களுக்குத் தெரியலையா?"

பின்பக்கப் படியைத் தூக்கிப் பார்த்தேன். நான்கு பேட்டரிகளில் ஒன்று கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது, பக்கவாட்டில் உப்பியும் இருந்தது. உள்ளே கொதிக்கும் சத்தம் கேட்டது. ஈய அமில பேட்டரியை அளவுக்கு மீறி சார்ஜ் செய்தால் அதிலுள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வரும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் சென்சார் ஹைட்ரஜனுக்கும் அடிக்கும். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. இரண்டுமே நல்ல செய்தி இல்லை. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

அந்த நேரத்தில் ஸ்பேனரை எடுக்காமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பேட்டரி சார்ஜருக்குக் கரையில் இருக்கும் கம்பத்திலிருந்து வரும் மின்சாரத்தை அங்கேயே அணைத்தேன். கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு, சூடு இறங்கும் வரை பல மணி நேரம் பேட்டரிப் பக்கமே போகவில்லை.

இந்த நான்கு பேட்டரிகளும் விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் கொடுப்பவை. இங்கே லெஷர் பேட்டரி என்பார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி தனி. நம் ஊர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் உறவுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை உட்பட. ஒவ்வொன்றின் கொள்ளளவும் 110 ஆம்பியர் அவர் (Ah).

அப்புறம் கேள்வி வந்தது: பேட்டரி கெட்டு சார்ஜரைக் குழப்பியதா, சார்ஜர் கெட்டு பேட்டரியை வேகவைத்ததா? இதைத் தெரிந்துகொள்ளாமல் புது சார்ஜர் வாங்கினால் பணம் தண்டம். சூடு ஆறியபின் இணைப்புகளைக் கழற்றி, ஒரு இரவு விட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மல்டிமீட்டரில் பார்த்தேன். மூன்று பேட்டரிகள் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டின. உப்பியது 10.5. ஒரு செல் சுமார் 2.1 வோல்ட், ஆக ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது. பேட்டரிதான் குற்றவாளி என்று அதோடு நிறுத்தியிருப்பேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. நல்ல மூன்றை மட்டும் இணைத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டு, பழைய சார்ஜரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். அதன் பச்சை விளக்கு 'ஃப்ளோட்' என்றது, அதாவது பேட்டரி நிறைந்தபின் அதை அப்படியே வைத்திருக்கும் நிலை, 13.8 வோல்ட் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். மீட்டரில் 15.6. உடனே அணைத்தேன். இரண்டுமே கெட்டிருந்தன. எது முதலில் என்று சத்தியம் செய்ய முடியாது, சார்ஜர்தான் என்பது என் ஊகம். அதைப் பொருத்தியவர் பேட்டரிகளுக்கு நேர் மேலேயே மாட்டியிருந்தார். வருடக்கணக்கில் அமில ஆவி குடித்த பெட்டி வேறு எப்படி இருக்கும்?

புதிதாக வாங்கிய சார்ஜர் விக்ட்ரான் ப்ளூ ஸ்மார்ட், 30 ஆம்பியர். மீதமுள்ள மூன்று பேட்டரிகளின் 330 ஆம்பியர் அவருக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்குக்கு ஏறக்குறைய சரியாக வந்தது. செத்த பேட்டரிக்குப் பதில் புதிதாக ஒன்றை மட்டும் சேர்க்கவில்லை. பழசோடு புதுசைப் பூட்டினால் புதுசும் சீக்கிரம் பழசாகும்.

பழைய சார்ஜரின் 230 வோல்ட் வயர் நேராகச் சுவருக்குள் போனது. அதைக் கழற்றி மூட மட்டும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், தண்ணீரில் மிதக்கும் இரும்புப் பெட்டிக்குள் அந்த விளையாட்டு எனக்கு வேண்டாம். புதியது சாதாரண மூன்று பின் ப்ளக்கோடு வந்தது. பேட்டரி இருக்கும் இடத்தைவிட்டுத் தள்ளி, இன்ஜின் அறைப் பலகையில், மேலும் கீழும் பத்து சென்டிமீட்டர் காற்றுக்கு விட்டு மாட்டினேன். கேபிள் கொஞ்சம் நீண்டதால் தடிமனான 16 சதுர மில்லிமீட்டர் போட்டு, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் வைத்தேன்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். படகின் இரும்பு உடலே நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் நழுவி உடலைத் தொட்டால் வெல்டிங்தான். சார்ஜரின் பாசிட்டிவை வரிசையின் ஒரு கோடியிலும் நெகட்டிவை மறுகோடியிலும் கொடுத்தேன். இரண்டையும் ஒரே பேட்டரியில் மாட்டினால் அதுவே அதிகம் உழைத்து முதலில் போகும். செத்துப்போனதும் அப்படி இருந்த முதல் பேட்டரிதான்!

சுவிட்சைப் போட்டதும் மீட்டரில் 14.4 வரை மெதுவாக ஏறியது. அங்கே சில மணி நேரம் நின்றது. மாலையில் 13.8. இந்த முறை விளக்கை நம்பவில்லை, இரவு படுக்கும் முன் ஒருமுறை பேட்டரிகளைத் தொட்டும் பார்த்தேன். சில்லென்று இருந்தன.

இருபத்தைந்து கிலோ செத்த பேட்டரியைப் பனியில் வழுக்கும் பலகைமேல் தூக்கிப்போனது தனிக் கதை. அடுப்புக் கதவுக்குப் போட்ட புதுக் கயிறு மட்டும் நன்றாக வேலை செய்கிறது. கரி முன்பைவிட மெதுவாக எரிகிறது.