டாட்டூவை அழிக்கும் லேசர்

தம்பி கையிலிருந்த டாட்டூவை எடுக்க நானும் கூடப் போனேன். லேசர் பட்டதும் 'டப் டப்' என்று சத்தம். மை இருந்த கோடெல்லாம் வெள்ளையாகப் பூத்து, கொஞ்ச நேரத்தில் அடங்கியது.

லேசர் மையை நொறுக்க மட்டும்தான் செய்யும். துகள்களை அள்ளிக்கொண்டு போவது உடம்பின் வெள்ளணுக்கள். அதுவும் மெதுவாக! அதனால்தான் சிட்டிங்குக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி.

முன்பு லேசர் ஒளி பாய்ந்ததெல்லாம் நானோ நொடிக் கணக்கிலான (நானோ நொடி என்றால் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) துடிப்புகளாகத்தான். 2012 கடைசியில் அமெரிக்காவில் பிக்கோ நொடிக் கணக்கில் (பிக்கோ என்றால் நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துடிக்கும் பிக்கோ லேசருக்கு அனுமதி கிடைத்தது. துடிப்பு இன்னும் குறுகியது, மை இன்னும் பொடியாக நொறுங்கும்.

நம் மாநிறத் தோலுக்கு, கறுப்பு மை என்றால் 1064 நானோமீட்டர் அலைநீள லேசர்தான் பாதுகாப்பு; தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதை அவ்வளவாக உறிஞ்சாது. பச்சை, நீலத்துக்கு வேறு அலைநீளம். "ஒரே சிட்டிங்கில் சுத்தமா போயிடும்" என்கிற பார்லர் பக்கம் போகாதீர்கள், தோல் டாக்டரைப் பாருங்கள்.