கற்கும் விருப்பத்தை வடிவமைத்த பேராசிரியர்

கற்பித்தல் வடிவமைப்பு என்றாலே பாடப்பொருளை எப்படி வரிசைப்படுத்துவது, எப்படிச் சோதிப்பது என்றே பெரும்பாலும் பேசப்பட்ட 1970களின் இறுதியில், கற்கும் விருப்பத்தையும் திட்டமிட்டு வளர்க்க முடியும் என்று எழுதியவர், ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்த ஜான் கெல்லர். கவனம், பொருத்தம், தன்னம்பிக்கை, மனநிறைவு என்ற நான்கு கூறுகளைக் கொண்ட அவருடைய ‘ஆர்க்ஸ்’ மாதிரி, இன்றும் இணையவழிப் பாடங்களைத் தயாரிப்போரின் மேசையில் இருக்கிறது. பாடத்தைக் குறித்து மாணவரிடமே கேட்டறிய அவர் உருவாக்கிய வினாப்பட்டியலில் 36 கூற்றுகள் உள்ளன.

நான் அவரை வாசிக்கத் தொடங்கியது என் சொந்தத் தோல்விக்குப் பிறகுதான். அசையும் படங்களும் ஒலியுமாக நான் தயாரித்த ஒரு பாடத்தை, மாணவர்கள் மூன்றாம் திரையிலேயே விட்டு வெளியேறினார்கள். கவனத்தைப் பிடிப்பதில் குறையில்லை. அந்தத் திரையில் இருந்த முதல் கணக்கே கடினமானதால் தன்னம்பிக்கைதான் உடைந்திருந்தது. அதற்கு முன் இரண்டு எளிய கணக்குகளைச் சேர்த்ததும் பலர் தொடர்ந்து படித்தார்கள். (படங்களுக்குச் செலவிட்ட இரவுகளை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.)

கெல்லர் இன்னொரு ஆய்வாளருடன் 2001இல் வெளியிட்ட ஆய்வும் இதையே தொடுகிறது. ஊக்க உத்திகளை அள்ளிக் கொட்டிய கணினிப் பாடத்தைவிட, மாணவரின் அப்போதைய மனநிலைக்கேற்ப அவற்றைக் கூட்டியும் குறைத்தும் தந்த பாடமே அதில் நல்ல பலன் தந்தது. ஏற்கெனவே ஆர்வத்துடன் இருப்பவருக்குப் பதக்கங்களும் கைதட்டல் ஒலியும் இடையூறே என்பது என் கருத்து.