ஸ்னோ மட்டும்தான் தள்ளினனான்

"நெஞ்சு நோகத் தொடங்கேக்க என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள், அண்ணை?"

"ஒண்டும் பெரிசாச் செய்யேல்லைப் பிள்ளை. ஸ்னோ மட்டும்தான் தள்ளினனான்."

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் 18 வருடங்களாகத் தாதியாக இருக்கிறேன். அதில் பெரும்பகுதி வாசல் மேசையில் போனது. வருகிறவரை விசாரித்து, இவரை உடனே உள்ளே அனுப்ப வேண்டுமா, கொஞ்சம் காத்திருக்கலாமா என்று முடிவெடுக்கிற மேசை அது. தமிழ் ஆட்கள் நிறைய வருகிற இடம் என்பதால் மேலே உள்ள பதிலை ஒவ்வொரு மாரியிலும் தமிழிலேயே கேட்டிருக்கிறேன். அந்த 'மட்டும்' என்ற சொல் எனக்கு இப்போது பயத்தைத் தருகிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டியவர். தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய வீட்டுக்கு வந்தபோது, வாசலில் கார் விடுகிற ட்ரைவே முழுக்க ஸ்னோ. காரை ஏற்ற இடமில்லை. வேலைக்குப் போட்ட உடுப்போடேயே, ஸ்னோ அள்ளுகிற சவளை எடுத்து வழிக்கத் தொடங்கியிருக்கிறார். பாதியில் நெஞ்சு இறுக்கியது. வாய்வு என்று நினைத்து உள்ளே போய் இஞ்சித் தேத்தண்ணி குடித்தார். கொஞ்சம் சுகமாக இருந்ததால் திரும்பவும் வெளியே போய் மிச்சத்தை முடித்தார். முடித்துவிட்டுத்தான் மகனை எழுப்பினார். மகன் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு வந்தான்.

என் முன்னால் வந்து இருந்தபோது முகம் சாம்பல் நிறம், நெற்றி முழுக்கக் குளிர் வியர்வை. அந்த வியர்வையைக் கண்டால் எங்களுக்கு வேறு கேள்வி தேவையில்லை. வந்து 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி, அவருக்கு 4 நிமிடத்தில் எடுத்தோம். இருதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் பெரிய குழாய் அடைபட்டிருந்தது. அன்று பகலே அடைப்பை எடுத்து, குழாய் திறந்தபடி இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். பிழைத்துவிட்டார்.

அவர் அன்று என்ன வேலை செய்தார் என்று பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கார் நிற்கிற ட்ரைவே, 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்று வைப்போம். அதில் 20 சென்டிமீட்டர் ஸ்னோ கிடந்தால் அது 6 கன மீட்டர். புதிதாக விழுந்த, பஞ்சு மாதிரியான ஸ்னோ கன மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். ஆக, 600 கிலோ. 50 கிலோ அரிசி மூட்டை என்றால் 12 மூட்டை. ஈர ஸ்னோ என்றால் இந்தக் கணக்கு இரண்டு மூன்று மடங்காகும். ஊரில் ஒரு லொறியிலிருந்து 12 மூட்டை இறக்கச் சொன்னால் இந்த வயதில் யாரும் தனியாக இறங்க மாட்டார்கள், ஆள் பிடிப்பார்கள். இங்கே அதையே கொஞ்சம் கொஞ்சமாக, சவள் சவளாக அள்ளுவதால் பாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாரம் ஒரு பக்கம்தான். நடக்கும்போதோ ஓடும்போதோ கால் தசைகள் சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளி இருதயத்துக்கு உதவுகின்றன. ஸ்னோ அள்ளும்போது கால் ஊன்றியபடி நிற்கிறது, கையும் தோளும்தான் வேலை செய்கின்றன. தூக்கி எறியும் கணத்தில் எல்லாரும் தெரியாமலே மூச்சை அடக்குகிறோம். இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அதே நேரம் குளிர்காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, இருதயத்துக்கே இரத்தம் கொடுக்கிற குழாய்களையும்தான். கூடுதலாக இரத்தம் கேட்கிற நேரத்தில் குறைவாகக் கிடைக்கிறது. குழாயின் உட்சுவரில் வருடக்கணக்காகப் படிந்த கொழுப்பு இந்த நேரத்தில் வெடித்தால், அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை மூடிவிடும். விடியற்காலை ஏற்கெனவே மாரடைப்பு அதிகமாக வருகிற நேரம். எங்கள் ஆட்கள் வேலைக்குப் போக முன் சவளைத் தூக்குவதும் அந்த நேரம்தான்.

1995இல் மிஷிகனில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். அதிகம் உடற்பயிற்சி இல்லாத, ஆனால் ஆரோக்கியமான 10 ஆண்களை ஈர ஸ்னோ அள்ளவிட்டார்கள். எல்லாரும் முப்பதை ஒட்டிய வயதுக்காரர். இரண்டே நிமிடத்தில் அவர்களுடைய நாடித்துடிப்பு, உச்ச அளவின் 85 வீதத்தைத் தாண்டியது. உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குச் சொல்லப்படுகிற மேல் எல்லை அதுதான். முப்பது வயதுக்கு இரண்டு நிமிடம் என்றால், பிரஷரும் சீனியும் உள்ள ஐம்பத்தைந்து வயதுக்கு?

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மாரடைப்புக் கணக்குகளை எடுத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. 20 சென்டிமீட்டர் ஸ்னோ கொட்டிய நாளுக்கு அடுத்த நாள், ஆண்களில் மாரடைப்பால் மருத்துவமனைக்கு வருவது 16 வீதமும், இறப்பு 34 வீதமும் கூடியிருந்தது. அந்த 'அடுத்த நாள்' என்பதைப் படித்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. கொட்டுகிற நாளில் எங்கள் பிரிவு ஓரளவு அமைதியாகவே இருக்கும். வீதிகள் அடைபட்டிருக்கும், ஆட்கள் வெளிக்கிட மாட்டார்கள். வானம் வெளித்து, வெயில் எறித்து, எல்லாரும் சவளோடு வெளியே வருகிற மறுநாள் காலைதான் நாங்கள் தயாராக இருக்க வேண்டிய நேரம். ஒன்ராறியோவின் கிங்ஸ்டனில் இரண்டு மாரிகளில் இருதய நோயோடு வந்த 500 பேரைப் பார்த்தபோது, 35 பேருக்கு ஸ்னோ அள்ளும்போதே தொடங்கியிருந்தது.

இதில் எங்கள் ஆட்களுக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. ஹமில்டனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் முன்னின்று 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வில், இலங்கையும் இந்தியாவும் அடங்கிய தெற்காசியாவில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. அந்த ஆறு வருட வித்தியாசம் என்பது இங்கே வீட்டுக் கடன் முடியாத, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிற வயது. அதாவது, ட்ரைவேயை வேறு யாரிடமும் விடாத வயது.

ஏன் விடுவதில்லை என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். காசு ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரியது, வாசலைத் துப்புரவாக வைத்திருப்பது வீட்டுக்காரனின் பொறுப்பு என்ற எண்ணம். ஊரில் விடிய எழும்பி முற்றம் கூட்டியவர்களின் பிள்ளைகள் நாங்கள். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முற்றம் கூட்டுகிற கணக்கில் இதையும் சேர்த்துவிட்டோம், பிழை அங்கேதான். பனி என்றால் ஊரில் மார்கழி விடியலில் புல்லில் நிற்கிற ஈரம். இங்கே கொட்டுவதை நாங்கள் பனி என்று சொல்வதே இல்லை, ஸ்னோ என்கிறோம். பெயரில் வித்தியாசம் தெரிந்திருக்கிறது, வேலையில் தெரியவில்லை.

அப்புறம் அந்தக் கட்டி. ட்ரைவேயை வழித்து முடித்து மூச்சு விடுகிற நேரம் நகரசபையின் வண்டி வந்து, வீதியில் கிடந்ததையெல்லாம் வாசல் நுனியில் ஒதுக்கிவிட்டுப் போகும். உப்பும் ஐஸும் சேர்ந்து இறுகிய வரம்பு. களைத்துப்போன உடம்போடு, வேலைக்கு நேரம் போகிற அவசரத்தில், மிகப் பாரமான அந்தப் பகுதியைக் கடைசியாக எடுக்கிறார்கள். அந்த இடத்தில் விழுந்தவர்களை நான் எண்ணி வைத்திருக்கவில்லை. ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் நெஞ்சை அழுத்தியபடியே கொண்டுவந்தார்கள். நாங்கள் 40 நிமிடம் முயன்றோம். எல்லாம் முடிந்து சப்பாத்தைக் கழற்றியபோது அடியில் ஒட்டியிருந்த ஸ்னோ இன்னும் முழுதாகக் கரையவில்லை. மனைவி சொன்னார், முதல் நாள் மாடிப்படி ஏறும்போதும் நெஞ்சு இறுக்குது என்றாராம். நான் அந்தச் சப்பாத்தை ஒரு பையில் போட்டு அவரிடம் கொடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அந்த மாரிக்குப் பிறகு என் கேள்வியை மாற்றினேன். 'கடினமான வேலை ஏதும் செய்தீர்களா' என்று கேட்டால் இல்லை என்பார்கள். இப்போது நேரடியாகவே கேட்கிறேன்: இண்டைக்கு, நேற்று, ஸ்னோ தள்ளினீங்களா? நெஞ்சு நோகிறதா என்று மட்டும் கேட்பதில்லை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நோவே இல்லாமல் வெறும் இளைப்பாகவும் களைப்பாகவும் வரலாம். தாடை, முதுகு, இடது கை, எல்லாம் கேட்கிறேன். வாய்வு என்று சொன்னால் இன்னும் கவனமாகப் பார்க்கிறேன்.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் செய்தவர், நடந்தாலே நெஞ்சு இறுக்குகிறவர் சவளைத் தொடவே வேண்டாம். பிரஷர், சீனி உள்ளவர் குடும்ப டொக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்கள் அள்ளி எறியாமல் தள்ளுங்கள், அள்ளத்தான் வேண்டுமென்றால் அரைச் சவள். எழும்பின கையோடு போகாமல் முதலில் வீட்டுக்குள் கொஞ்சம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம், இடையில் நின்று சிகரெட் பற்றவும் வேண்டாம். 10 நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே வாருங்கள். நெஞ்சில் ஏதும் வித்தியாசமாக இருந்தால் சவளை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு 911. மகனின் காரில் வர வேண்டாம். வழியில் இருதயம் நின்றுபோனால் மகனால் ஒன்றும் செய்ய முடியாது, ஆம்புலன்ஸில் மின்னதிர்ச்சி கொடுக்கிற கருவி இருக்கிறது.

முதலில் சொன்ன அண்ணை, ஸ்டென்ட் வைத்த மறுநாள் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, வாசல் நுனியில் கிடந்த கட்டியை யார் எடுத்தது என்பதுதானாம். பக்கத்து வீட்டுப் பெடியன் எடுத்துவிட்டான் என்று கேட்ட பிறகுதான் ஒழுங்காகக் கண் மூடினாராம்.

என் வீட்டிலும் இதே கதைதான். மாமாவுக்கு 71 வயது, பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார். நான் இரவு வேலைக்குப் போய்விட்டால் விடிய ஐந்தரைக்கே ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு நிற்பார். கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துப் பார்த்தேன். கடைசியில் சவளைக் கார் டிக்கியில் வைத்து வேலைக்கே கொண்டுபோகத் தொடங்கினேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், 'நீ தனிய நிண்டு தள்ளினா உனக்கு ஆர் நேரம் பாக்கிறது?' என்று கேட்டார்.

இப்போது வேலை முடிந்து வந்து நான் தள்ளும்போது மாமா சன்னலுக்குப் பின்னால் மணிக்கூட்டோடு நிற்கிறார். 10 நிமிடம் ஆனதும் கண்ணாடியில் மோதிரத்தால் தட்டுகிறார். நான் சவளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போகிறேன். தேத்தண்ணி ஆற்றி வைத்திருக்கிறார்.