பெத்தாய் சும்மா காய்ப்பதில்லை

யாராவது மலேசியத் தமிழர்களான நம்மை "கெலிங்" என்று இழிவாகச் சொல்லிவிட்டால் போலீஸ் புகார் வரைக்கும் போகிறோம். அதே வாய்தான், மலைப்பக்கத்து லாசாவிலிருந்து, பெத்தாய் என்னும் காட்டு மரத்து நீளக் காய்க் கட்டோடு, நம் பேராக் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வருகிறவரைப் பார்த்து "சக்காய் வந்திருக்கான்" என்கிறது. சக்காய் என்பது எந்த இனத்தின் பெயரும் இல்லை. அடிமை, அண்டிப் பிழைப்பவன் என்ற பொருளில் வெளியார் ஒட்டியது. நம் ஊருக்கு மேலே ஆற்றோரம் இருக்கும் பூர்வகுடிகள் தெமியார். தாப்பா, பீடோர் பக்கம் செமாய். இப்படித் தீபகற்பத்தில் 18 பிரிவுகள். எந்தப் பிரிவென்று தெரியாவிட்டால் ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி மக்கள், என்றால் போதும். பெரியவராக இருந்தால் "பாக் சிக்", அதாவது மாமா, என்று கூப்பிடுங்கள், நாக்கு தேய்ந்துவிடாது.

அடுத்தது பேரம். "காட்டுல சும்மா காய்ச்சதுதானே, கொறைச்சுக் குடு!" சும்மா இல்லை. விதை போட்ட பெத்தாய் காய்க்க ஏழு வருஷம் ஆகலாம். முப்பது மீட்டர்கூட வளரும் மரம். ஏறித்தான் பறிக்க வேண்டும். டுரியானைப் போலவே, காட்டுக்குள் நிற்கும் மரம் பலவும் ஏதோ ஒரு குடும்பம் நட்டது, தலைமுறையாகப் பார்த்துக்கொண்டது. பறித்த காய் சில நாளில் கறுத்துவிடும்; மறுபடி மலைக்குச் சுமந்து போக முடியாது. தரகருக்கு அது நன்றாகத் தெரியும். அரிசி, சீனி, பெட்ரோலைக் கடனாகக் கொடுத்துவிட்டுக் கட்டுக் கணக்கில் கழித்துக்கொள்கிறார். நேரே வாங்குகிறவர்கள் நூறு பட்டைக்கு, அதாவது நூறு காய்க்கு, என்ன விலை என்று முதலில் கேளுங்கள். விலை பேசி முடித்தபின் கொசுறு கேட்காதீர்கள்.

இந்த "சும்மா" சட்டத்துக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று இதே வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. தோட்டத்து ஜனங்களை வேலிக்குள் அடைத்தார்கள். காட்டு ஜனங்களை முகாம்களுக்கு இறக்கினார்கள், அங்கே பலர் செத்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்ததுதான் 1954ஆம் ஆண்டு பூர்வகுடி மக்கள் சட்டம். நிலம் பறிபோனால், அதன் 11ஆம் பிரிவு பழமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் இழப்பீடு தரச் சொல்கிறது. நிலத்துக்கோ, 12ஆம் பிரிவில், "தரலாம்" என்பதோடு சரி. சிலாங்கூரின் டெங்கில் பக்கம் நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் பிரிவு மக்கள், சாகோங் தாசி வழக்கில், 2002இல் உயர்நீதிமன்றத்திலும் 2005இல் மேல்முறையீட்டிலும் வென்ற பிறகுதான் மண்ணுக்கும் விலை உண்டு என்றானது. தோட்டம் விற்கப்பட்டு, குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்த நமக்கு இது புரியாத கணக்கா?

பள்ளி விஷயம். நம் பிள்ளைக்கு ஆறு வருஷம் தமிழில் பாடம். தெமியார் பிள்ளைக்கு முதல் நாளே மலாய். அவன் வீட்டு மொழிக்கும் மலாய்க்கும் உறவே கிடையாது. செமாய் வீடுகளில் பிள்ளை "போட்" என்றால், அதாவது மனமில்லை என்றால், பெற்றோர் வற்புறுத்துவதில்லை. அப்படி வளர்ந்தவனை வகுப்பில் அதட்டினால் எதிர்த்துப் பேச மாட்டான், மறுநாள் வர மாட்டான். அதைச் சோம்பல் என்று எழுதி வைப்பது அநியாயம்.

நம் பையன்கள் அங்கே பெண் எடுப்பதும் உண்டு. அந்தக் குடும்பங்கள் அதே 1954 சட்டத்தின் 3ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாய் ஓராங் அஸ்லி, தகப்பன் வெளியார் என்றால், பிள்ளை தாய்வழி மொழியைப் பேசி, அந்த வாழ்முறையில், அந்தச் சமூகத்தோடேயே இருந்தால்தான் ஓராங் அஸ்லி. லயத்தில் வைத்துத் தமிழ் மட்டும் பேசி வளர்த்தால் அந்த நிலை கேள்விக்குள்ளாகும். தகராறு வந்தால் முடிவு சொல்கிறவர் அமைச்சர், கிராமத்துப் பாட்டி அல்ல.