பார்த்தவர் சொல்லவில்லை, கேட்க வேண்டியவர் கேட்கவில்லை

உணவால் ஊரே மருத்துவமனையில் என்று செய்தி வந்தால், அடுத்த வாரமே ஒரு ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கப்படும், எந்த நாடாக இருந்தாலும். சுகாதாரம், வேளாண்மை, கால்நடை, உள்ளாட்சி, சுங்கம் என்று ஆளுக்கொரு நாற்காலி. கூட்டம் முடிந்ததும் அவரவர் கோப்பு அவரவர் அலமாரிக்குள் போய்விடும். எனக்கு இந்தக் குழுக்கள் மேல் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது.

2010-இல் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரும் சால்மோனெல்லா கிருமி பரவி, 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள். அங்கே முட்டை ஓட்டோடு இருக்கும்வரை அதன் பாதுகாப்பு எஃப்டிஏ என்ற மத்திய உணவு, மருந்து நிர்வாகத்தின் பொறுப்பு, உடைத்துத் திரவமாகவோ பொடியாகவோ ஆக்கிவிட்டால் வேளாண் துறை பொறுப்பு, ஆனால் ஓட்டு முட்டையை அளவு பார்த்துத் தரம் பிரிப்பது மறுபடியும் வேளாண் துறை. (பீட்சாவிலும் இதே கூத்துதான். வெறும் சீஸ் போட்டால் ஒரு துறை, மேலே இறைச்சி வைத்தால் இன்னொரு துறை.) அயோவா மாநிலத்தில் சிக்கிய அந்தப் பண்ணையில் வேளாண் துறையின் தரம் பிரிப்பவர்கள் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அழுக்கைப் பார்த்தார்கள், எழுதியும் வைத்தார்கள். அது எஃப்டிஏ மேசைக்குப் போகவில்லை. மக்கள் நோயில் விழுந்தபிறகு எஃப்டிஏ ஆய்வாளர்கள் உள்ளே போனபோது, சில கொட்டகைகளுக்கு அடியில் கோழி எச்சம் எட்டடி உயரம்வரை குவிந்து, அந்தக் கனத்திலேயே கதவுகள் வெளியே தள்ளப்பட்டு நின்றன.

தரம் பிரிப்பவரைத் திட்டிப் பயனில்லை. முட்டையைப் பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம். கண்ணில் பட்டதை இன்னொரு துறைக்குச் சொல்வதும் அவர் வேலைதான் என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, எல்லாத் துறையையும் ஒன்றாக்கிவிட்டால்? கனடா 1997-இலேயே உணவுச் சோதனை வேலைகளை ஒரே முகமையின்கீழ் கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனாலும் 2008-இல் பதப்படுத்திய இறைச்சியில் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, யார் தலைமை ஏற்பது என்பதிலேயே குழப்பம் இருந்ததாக விசாரணை அறிக்கை சொன்னது. முகமை ஒன்றானாலும் நோயாளிகளின் கணக்கு வேறு இடத்தில், மாநிலச் சுகாதாரத் துறைகள் வேறு இடத்தில் இருந்தன. பெயர்ப் பலகையை மாற்றுவது சுலபம், தகவல் போகும் வழியை மாற்றுவதுதான் கஷ்டம்.

அந்த வழி திறந்தால் என்ன நடக்கும் என்பதை 2011-இல் ஜெர்மனியில் பார்த்தோம். ஈ.கோலை என்ற குடல் கிருமியின் கொடிய வகை பரவி 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொடக்கத்தில் தகவல் உள்ளூர் அலுவலகம், மாநிலம், மத்திய நிறுவனம் என்று படியேறி வரவே நாள்கணக்கில் ஆனது. அப்புறம் மத்திய, மாநில அதிகாரிகளையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் வல்லுநர்களையும் ஒரே குழுவில் உட்காரவைத்து, நோயாளிகள் சாப்பிட்ட உணவகங்களின் சரக்குச் சீட்டுகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். 41 இடங்களில் கூட்டமாக நோய் வந்திருந்தது. 41-உம் ஒரே முளைப்பயிர்ப் பண்ணையில் போய் முடிந்தன. சுகாதாரத் துறையிடம் நோயாளிப் பட்டியல், உணவுத் துறையிடம் சரக்குச் சீட்டு. இரண்டும் சேராமல் அந்தப் பண்ணை அகப்பட்டிருக்காது.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தமெல்லாம் இல்லை. ஒரு தொழிற்கூடத்துக்கு எல்லாத் துறைகளும் ஒரே பதிவு எண்ணைப் பயன்படுத்தட்டும். இப்போது ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு எண், பெயரை எழுதும் விதமும் ஒவ்வொன்று, பிறகு எப்படிப் பொருத்திப் பார்ப்பது? அடுத்த துறையின் எல்லைக்குள் வரும் குறையைப் பார்த்தால், இத்தனை மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும் என்பது விதியாகட்டும். தகவல் கிடைத்தவர் என்ன செய்தார் என்பது சொன்னவருக்குத் திரும்பி வரட்டும். இந்தக் கடைசி விஷயத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு முறை எழுதி பதிலே வரவில்லை என்றால் மூன்றாவது முறை யார் எழுதுவார்கள்?

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதே 2011-இல் ஹாம்பர்க் அதிகாரிகள், பரிசோதனை முழுதாக முடியும் முன்பே ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் கையைக் காட்டிவிட்டார்கள். அந்தக் காயில் இருந்தது வேறு வகைக் கிருமி. அதற்குள் காய்கறிச் சந்தையே சரிந்து, விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் நிவாரணம் கொடுக்க வேண்டியதாயிற்று. துறைகளுக்குள் சந்தேகத்தைக்கூட உடனே பகிரலாம், பகிரத்தான் வேண்டும். வெளியே மைக்கைப் பிடித்துப் பேசும் உரிமை மட்டும் ஒரே ஒரு அலுவலகத்திடம் இருக்கட்டும். அது எந்த அலுவலகம் என்பதை நோய் பரவத் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.