கோடு போட்டு அடித்த எண்

எட்டு மாத அலைச்சலுக்குப் பிறகு, நேற்று மாலைதான் அந்த நம்பர் 4 டி ரைஃபிள் என் வீட்டு இரும்பு அலமாரிக்குள் வந்து சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய ஸ்னைப்பர் துப்பாக்கி அது; சுருக்கமாக ‘டி’. பிரிட்டனில் இதைத் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு பயணமாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் அடி லைசன்ஸிலேயே விழுந்தது. என் ஃபயர்ஆர்ம் சர்டிபிகேட்டில் (துப்பாக்கி லைசன்ஸ்) ஒரு .303 (இந்த ரைஃபிளின் குண்டு அளவு) சேர்க்க விண்ணப்பித்து, நாலு மாதம் கழித்துத் தாள் வந்தது. வந்த சந்தோஷத்தில் படித்துக்கூடப் பார்க்காமல், மூன்று மணி நேரம் கார் ஓட்டி, ஒரு டி-க்கு முன்பணம் கொடுத்து வைத்திருந்த டீலர் கடைக்குப் போனேன். அவர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இதில் .308 என்று போட்டிருக்கிறதே” என்று திருப்பிக் கொடுத்தார். ஒரே ஒரு எண் தவறு. ஆனால் சட்டப்படி அவர் கொடுக்கக் கூடாது, கொடுக்கவும் இல்லை. லைசன்ஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தால், “நீங்கள் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள்” என்றார் எடுத்த பெண்மணி. விண்ணப்பத்தின் நகல் என்னிடம் இருந்ததால் பிழைத்தேன். இருந்தும் திருத்தி வர இன்னும் ஆறு வாரம். தாள் கைக்கு வந்ததும் வாசலில் நின்றபடியே ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் படியுங்கள்.

அந்த வீண் பயணத்தில் ஒரு நல்லதும் நடந்தது. அத்தனை தூரம் வந்துவிட்டோமே என்று, ரைஃபிளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். முன்பணம் கொடுத்த அன்று கடையின் மஞ்சள் விளக்கில் பார்த்ததோடு சரி. ‘அசல்’ என்று அச்சடித்த சான்றிதழ் வேறு கூட இருந்தது, அதை நம்பிவிட்டேன்.

சாதாரண நம்பர் 4 ரைஃபிள்களில் நன்றாகக் குறி விழுபவற்றைப் பொறுக்கி, 1942-லிருந்து லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பி ஸ்கோப் பொருத்த வைத்தார்கள். அந்த நிறுவனத்தின் போர்க்காலக் குறியீடு எஸ் 51. பின்கட்டையின் (தோளில் வைக்கும் மரப்பகுதி) அடிப்பக்கத்தில் அது அச்சாகியிருக்கும். நான் பார்த்த கட்டையிலும் இருந்தது. ஆனால் எழுத்தின் பள்ளத்துக்குள் மரம் வெளிறித் தெரிந்தது. எண்பது வருடம் எண்ணெயும் அழுக்கும் இறங்கிய மரத்தில் எழுத்தின் உள்ளேயும் அதே கருப்பு இருக்க வேண்டும், விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். இதில் நகம் வைத்தால் விளிம்பு கீறியது. பின் குறியை (கண்ணை வைத்துக் குறிபார்க்கும் துளையுள்ள பகுதி) தூக்கிப் பார்த்தேன். ஸ்கோப்புக்கு இடம் விட அசல் டி-யில் ராவி எடுத்துவிடும் பெரிய துளை, இதில் அப்படியே இருந்தது. குறியை யாராவது மாற்றியிருக்கலாம்; அது மட்டும் என்றால் விட்டிருப்பேன். கட்டையோடு சேர்த்துப் பார்த்தபோது மனசு விட்டுப்போயிற்று. முன்பணத்தைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் சண்டை போட்டேன்.

இப்படிப் போலி செய்யக் காரணம் இருக்கிறது. 1970-களில் அசல் டி-க்களில் ஒரு பகுதியை ராணுவத்துக்காக 7.62 மில்லிமீட்டர் எல்42ஏ1 என்ற வேறு ஸ்னைப்பர் துப்பாக்கியாக மாற்றிவிட்டார்கள். மாறாமல் இன்று கிடைப்பவை குறைவு, விலை அதிகம்.

அடுத்தது, துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் பேர்போன பிஸ்லி பக்கம் ஒரு பெரியவர் விற்றது. 1944-இல் பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கி நிறுவனத்தின் ஷர்லி ஆலையில் செய்தது, அந்த ஆலையின் எம் 47 சி என்ற குறியீடு தெளிவாக இருந்தது. இடப்பக்கம், ஸ்னைப்பர் துப்பாக்கிக்கான ‘டி’, ‘டி.ஆர்.’ முத்திரைகள் இரண்டும் இருந்தன. ஆனால் பின்கட்டையின் மேல்புறம், ஸ்கோப் எண் குத்தும் இடத்தில், ஒரு எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே வேறு எண். பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஏற்கெனவே சூடு பட்டவன் இல்லையா, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் கிளப்பில் ராணுவ ஆயுதப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். போட்டோவைக் காட்டினேன். “அடித்த எண்ணா? அதுதானப்பா இது வேலை செய்த துப்பாக்கி என்பதற்குச் சாட்சி” என்றார். ஸ்கோப் பழுதாகி வேறு போட்டால், பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதைக் குத்துவதுதான் பட்டறை வழக்கமாம். மவுண்டை (ஸ்கோப்பை ரைஃபிளில் பிடித்து வைக்கும் இரும்புத் தாங்கி) மட்டும் மறக்காமல் பார்க்கச் சொன்னார். ரைஃபிளின் எண் மவுண்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் மவுண்டை அந்தந்த ரைஃபிளுக்கென்று தனியாகப் பொருத்திச் சரிபார்த்தார்கள். இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டினால் குறி தப்பும்.

மறுபடியும் போனேன். கீழே குத்தியிருந்த எண், அதில் இருந்த ஸ்கோப்பின் (நம்பர் 32 மார்க் 3 என்ற வகை) எண்ணேதான். மவுண்டின் எண், ரைஃபிளின் எண், போல்ட் பிடியின் பின்னால் இருந்த எண் மூன்றும் ஒன்றாக இருந்தன. நிம்மதியில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

துணைப் பொருள்களில் அவசரப்படாதீர்கள். ஸ்கோப் வைக்கும் தகரப் பெட்டி, தோல் வார், ஸ்கவுட் ரெஜிமெண்ட் டெலஸ்கோப் (கையில் பிடித்து வேவு பார்க்கும் தனித் தொலைநோக்கி) எல்லாமே பின்னால் சேர்த்து ‘முழு செட்’ என்று விற்கக் கூடியவை. டெலஸ்கோப்பின் எண் ரைஃபிளில் எங்கும் இருக்காது. நல்ல பொருளாக இருந்தால் பொருளுக்கு மட்டும் விலை கொடுங்கள், செட் என்ற பெயருக்குக் கொடுக்காதீர்கள்.

ரைஃபிள் வைக்கும் மரப்பெட்டியைப் பற்றி, அது இதனுடையதுதானா என்று விற்ற பெரியவருக்கே சந்தேகம். மேலே யாரோ சாம்பல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சுரண்டிப் பார்க்கலாமா என்றார், வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். பெயிண்டுக்கு அடியில் பழைய எண்ணின் மேடு ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழும்பியது. நான் வாய்விட்டுப் படிக்கப் படிக்க, அவர் ரைஃபிளைத் திருப்பி வைத்துக்கொண்டு “ஆமாம், ஆமாம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி எண் வரை.

நேரில் கைமாற்றி, சர்டிபிகேட்டில் எழுதி வாங்கியாயிற்று. 7 நாளுக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டியதை இன்று காலையே அனுப்பிவிட்டேன், .303 என்பதை மூன்று முறை பார்த்துவிட்டு.