பழைய காருக்கு ஸ்பிரிங் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

மாருதி 800, ஜென், முதல் சான்ட்ரோ. இந்தக் கார்களில் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றாலோ, வேகத்தடையில் அடி தட்டினாலோ முதலில் வரும் பதில் "ஷாக் போச்சு" என்பதுதான். ஆனால் வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குமே தவிர வண்டியைத் தூக்கி நிறுத்தாது. தாழ்ந்த வண்டிக்குப் புது ஷாக் போட்டால் காசு போகும், தாழ்வு அப்படியே இருக்கும்.

ஆகவே முதல் வேலை அளப்பது. சமமான சிமென்ட் தரையில், டயர் காற்றைச் சரிபார்த்து, டிக்கியைக் காலி செய்துவிட்டு, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு) விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். ஜாக்கியில் ஏற்றி இறக்கிய வண்டி என்றால் முன்னும் பின்னும் சில அடி உருட்டிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை உயர்த்திக் காட்டும். இடது வலது வித்தியாசம் 5 மி.மீ. இருப்பது சகஜம். 15 மி.மீ.யைத் தாண்டினால் காரணத்தைத் தேட வேண்டும்.

தேடும்போது பலரும் ஏமாறும் இடம் இது: முன் இடது மூலை தாழ்ந்திருப்பதற்குக் காரணம் பின் இடது ஸ்பிரிங்காகவும் இருக்கலாம். பின்னால் ஒரு மூலை தளர்ந்தால் வண்டி முழுதும் அந்தப் பக்கம் சாயும். பிரித்துப் பார்க்க ஒரு செலவில்லாத வழி உண்டு. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிராலி ஜாக்கியைப் பின் அச்சின் நட்ட நடுவில் வைத்து, பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும்வரை தூக்குங்கள். முன்பக்கச் சாய்வு அப்படியே நின்றால் குற்றம் முன் ஸ்பிரிங்கில். சாய்வு மறைந்தால் பின்னால். அந்த நிலையில் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

வாங்கும்போது முக்கியம் கம்பியின் தடிமன். சுருளின் உயரத்தை மட்டும் ஒப்பிட்டு வாங்குகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 11 மி.மீ. கம்பி, 110 மி.மீ. சராசரிச் சுருள் விட்டம், வேலை செய்யும் சுற்று (முனைகளில் படிந்து கிடக்காமல் அமுங்கி விரிவது) நாலரை என்றால் விறைப்பு மில்லிமீட்டருக்குச் சுமார் 24 நியூட்டன். அதே ஸ்பிரிங்கை 10.5 மி.மீ. கம்பியில் சுற்றினால் 20 நியூட்டன்தான். அந்த மூலையில் 200 கிலோ உட்கார்ந்தால் முன்னது 81 மி.மீ. அமுங்கும், பின்னது 98 மி.மீ. அரை மில்லிமீட்டர் கம்பிக்கு வண்டி 17 மி.மீ. தாழ்ந்துவிடும்! பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு வெர்னியரால் அளங்கள். சுற்று எண்ணிக்கை, வெளிவிட்டம், இரு முனைகளும் முடியும் விதம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பழைய ஸ்பிரிங்கில் ஒட்டியிருக்கும் வண்ணக் கோடுகளைத் துடைத்து எறியாமல் படம் எடுத்து வையுங்கள். ஒரே மாடலில் ஏசி உள்ளது, இல்லாதது, டீசல் என்று ஸ்பிரிங் மாறும்போது அந்தக் கோடுதான் அடையாளம்.

கையில் காசு குறைவென்றால் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் ஒரே வண்டியிலிருந்து கழற்றிய ஜோடியைக் கேளுங்கள், ஒற்றையாக வாங்காதீர்கள். இரண்டையும் தரையில் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். அடிச்சுற்றில் சேறு தங்குமிடத்தை விரல் நகத்தால் தடவுங்கள். குழி விழுந்த துரு இருந்தால் வேண்டாம். உடைவது பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். மேல் துரு மட்டும் என்றால் தேய்த்து பெயின்ட் அடித்துப் போடலாம்.

தாழ்ந்த ஸ்பிரிங்கைச் சூடு காட்டி இழுத்துக் கொடுக்கிறேன் என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். டெம்பர், அதாவது பதம், போன கம்பி சீக்கிரமே திரும்ப உட்காரும், இல்லையேல் உடையும். சுருளை அறுப்பதும் அதே ஆபத்துதான்: மேலே சொன்ன ஸ்பிரிங்கில் ஒரு சுற்று போனால் விறைப்பு 24-லிருந்து 31 ஆகும், முனையும் இருக்கையில் (ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணம்) சரியாக உட்காராது. சுற்றுகளுக்கிடையே செருகும் ரப்பர் பஃபர் உயரத்தைக் கூட்டும், ஆனால் சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் தடுத்தே கூட்டும். சிஎன்ஜி சிலிண்டர் சுமக்கும் பின்பக்கத்துக்குத் தற்காலிகமாகச் சரி. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அது மருந்தல்ல.

மிச்சப்படுத்திய காசில் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முன் தொகுதி) மவுண்ட், பேரிங், அடி தட்டாமல் தாங்கும் பம்ப் ஸ்டாப், ஸ்பிரிங் ரப்பர் இருக்கை ஆகியவற்றைப் புதிதாகப் போடுங்கள். இவற்றுக்காக ஸ்ட்ரட்டைத் தனியாக மறுபடி இறக்கினால் கூலி இரட்டிப்பு. சுருளை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இரண்டை எதிரெதிரே மாட்டி, கை ஸ்பானரால் மாறி மாறி இறுக்கி, சுருள் இருக்கையை விட்டுத் தளர்ந்த பிறகே ஸ்ட்ரட் உச்சியின் நடு நட்டைத் தொட வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் உயிர் போகும். சுருளின் கீழ் முனை இருக்கையின் படியருகே வந்து உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கு கொடுக்காதீர்கள். வண்டி தரையில் எடையோடு நிற்கும்போது இறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதங்களில் கிழியும், உயரமும் தவறாகத் தெரியும். பின் அச்சில் சுமையறிந்து பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டியில் பின் உயரம் கூடினால், வண்டி காலி என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைக்கும். அதன் இணைப்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள். பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே இடத்தில் நான்கு மூலையையும் மறுபடி அளந்துவிட்டு வீல் அலைன்மென்ட்டுக்கு விடுங்கள்.